கிட்டுசாமியின் மஞ்சள் பெட்டி

மதியச் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறப்பதற்கு முன்னால் கிட்டுசாமி அதன் மூடியில் ஈரவிரலால் ஒரு பெட்டி வரைகிறார். பெட்டியிலிருந்து ஓர் அம்பு, அம்பின் முனையில் இன்னொரு பெட்டி. அம்பு மூடியின் விளிம்பில் முட்டி நின்றுவிட்டால் உள்ளங்கையால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குகிறார். சில நாட்களில் படம் காய்ந்ததும் சாப்பாடு நடக்கும். பல நாட்களில் படம் மட்டும் காயும். போசி திறக்கப்படாமலேயே ஆணிக்குத் திரும்பும். மாலையில், வந்த கனத்தோடே வீட்டுக்குப் போகும்.

அவர் வேலை செய்யும் ஏற்றுமதி கம்பெனியில் முதலுதவி அறை என் பொறுப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற நர்சுகளுக்குத் திருப்பூரில் இப்போது நல்ல கிராக்கி. வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்க்கிறபோது வெள்ளைச் சேலையில் ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும். ஊசி ஏறிய விரல், கத்தரி பட்ட கை, வெறும் வயிற்றோடு வந்து மிஷின் மேலேயே சாய்கிற பெண்கள்; இவ்வளவுதான் வேலை. என் அறைக்கும் கிட்டுசாமியின் கம்ப்யூட்டர் அறைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. அவர் பேசுவது எனக்குக் கேட்கும். ஆனால் அவர் அதிகம் பேசுவதில்லை.

நாற்பதைத் தாண்டியவர். கல்யாணம் ஆகவில்லை. "ஜாதகம் பாத்துப் பாத்தே வயசு போயிருச்சுங்க" என்று ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை. உடுத்துவது எல்லாம் ஏற்றுமதிக்குத் தேறாமல் கழித்துப் போட்ட பனியன்கள். ஒவ்வொன்றிலும் என்ன குறை என்று அவருக்குத் தெரியும். "இது காலர் ஒரு பக்கம் ஏறியிருக்குதுங்க." "இதுல பாருங்க சிஸ்டர், நாய்க்கு வாலு அச்சே உழுகல." குறையைக் காட்டும்போது மட்டும் முகம் மலரும். ஏசி குளிருக்கு முண்டாசாக ஒரு துண்டு. அந்த அறையில் ஏசி மனிதருக்காகப் போட்டது இல்லை, கம்ப்யூட்டருக்காகப் போட்டது என்று முதலாளியே சொல்லியிருக்கிறார்.

பெங்களூரில் சில வருடங்கள் இருந்தவர். அங்கே அவர் பார்த்த வேலையை எனக்குப் புரிய வைக்க அவருக்கு ஒரு மதியம் பிடித்தது. மென்பொருள் எழுதுவதற்கும் ஒரு முறை உண்டாம். யார் எழுதுவது, யார் சரிபார்ப்பது, யார் ஓட்டிப் பார்ப்பது, எப்போது வாங்கியவர் கையில் கொடுப்பது என்பதையெல்லாம் முதலில் பெட்டியும் அம்புமாகப் படம் போட்டுக்கொள்வார்கள். அந்தப் படத்திலேயே பிழை இருந்தால்? அதை மனிதர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். கிட்டுசாமி செய்து வைத்திருப்பது அதைத் தானாகக் கண்டுபிடிக்கும் புரோகிராம். படத்தை உள்ளே கொடுத்து ஒரு பொத்தானைத் தட்டினால், வேலை எந்தப் பெட்டியில் மாட்டிக்கொள்ளுமோ அந்தப் பெட்டி சிவந்துவிடும்.

பிழைகளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்கள் புத்தகத்தில் இல்லாதவை. உள்ளே போக வழி இருந்து வெளியே வர வழி இல்லாத பெட்டி முட்டுச்சந்து. சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருவது செக்கு. இரண்டு பெட்டிகள் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு நிற்பது பந்தி.

"பந்தின்னா?"

"நம்மூர்க் கல்யாணத்துல பாத்திருப்பீங்களே சிஸ்டர். 'நீங்க உக்காருங்க'ன்னு பொண்ணூட்டுக்காரங்க நிப்பாங்க. 'இல்லீங்க, நீங்க மொதல்ல உக்காருங்க'ன்னு மாப்பளயூட்டுக்காரங்க நிப்பாங்க. எலை போட்டு ரசமே ஆறிப்போயிருக்கும், ஒருத்தரும் உக்கார மாட்டாங்க."

நான் தெற்கத்திக்காரி. எங்கள் ஊரில் இலையைக் கண்டால் உட்கார்ந்துவிடுவோம். சொன்னேன். கிட்டுசாமி சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

கம்பெனிக்குச் சம்பளக் கணக்குப் போட மென்பொருள் செய்து தருகிற இளைஞர்கள் கோயம்புத்தூரிலிருந்து வருவார்கள். ஒவ்வொரு தடவையும் எங்கேயோ ஒரு தப்பு. தையல் பிரிவில் ஒரு பெண்ணுக்கு ஓவர்டைம் இரண்டு தடவை ஏறும், அதைத் திருத்தினால் பேக்கிங்கில் பாதிப் பேருக்குச் சம்பளமே வராது. கடைசியில் முதலாளி குமாரசாமி அவர்களைக் கிட்டுசாமியிடம் அனுப்பினார். கிட்டுசாமி புரோகிராமைத் திறக்கவே இல்லை. நீங்கள் வேலை செய்கிற முறையைப் படமாகப் போடுங்கள் என்றார்.

அவர்களில் மூத்தவன் வேல்குமாருக்கு எரிச்சல். "சார், ஓடுதான்னு பாருங்க. நாங்க அதை எப்படிச் செய்யறோம்னு உங்களுக்கு எதுக்குங்க?"

"சோத்துல கல்லு இருந்தா அரிசி கழுவுன எடத்தப் பாக்கோணுமுங்களே."

முனகிக்கொண்டே படம் போட்டான். பொத்தானைத் தட்டியதும் மூன்று பெட்டி சிவந்தது. கிட்டுசாமி நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"இங்க பாருங்க தம்பி. தப்பு வந்தா இந்தப் பொட்டில திருத்தறீங்க. திருத்துனது மறுபடியும் சோதனைக்குப் போறதுக்கு அம்பே இல்லீங்க. நேரா எங்க தலைல வந்து எறங்குது."

"சின்னத் திருத்தந்தானேங்க, அதனால…"

"செரி. இந்தப் பொட்டி? 'சீனியர் பார்ப்பார்'னு எழுதியிருக்கீங்க. இதுக்குள்ள வர்ற வழி எங்கீங்க?"

வேல்குமார் தலையைச் சொறிந்தான். "அவசரம்னா அவரு பாக்க மாட்டாருங்க."

"எப்ப அவசரமில்லீங்க?"

"எப்பவும் அவசரந்தானுங்க."

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வேல்குமாரும் சிரித்தான். கிட்டுசாமி மட்டும் சிரிக்காமல் அந்தச் சிவப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல. அதற்கப்புறம் சம்பளக் கணக்கில் தகராறு குறைந்தது. கம்பெனியில் அவருக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது. ஆனாலும் மதியம் அவரோடு உட்கார்ந்து சாப்பிட யாரும் வரவில்லை. கணக்குப் பிரிவுக்காரர்கள் ஒரு கூட்டம், ஆர்டர் பிடிக்கிற மெர்ச்சண்டைசர்கள் ஒரு கூட்டம். இவர் தனியாக ஒரு அறை.

அவர் பெங்களூரை விட்டு வந்தது அம்மாவுக்காக. பொன்னாத்தாள் சாமளாபுரத்தில் தறிச் சத்தத்துக்குள்ளேயே வாழ்ந்தவர். கணவர் போன பிறகு தறிகளை விற்றாயிற்று. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தன. வாய் ஒரு பக்கம் கோணினாலும் பேச்சு இருந்தது. மகன் திருப்பூரில் ஒரு வீடு பிடித்து அழைத்து வந்து வைத்துக்கொண்டார். அந்த வீடு என் தெருவிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வருவேன்.

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் அக்கா சித்ராதேவிக்கு இந்த ஏற்பாடு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. என் முன்னாலேயே தம்பியிடம் சொன்னார். "பொம்பளயில்லாத ஊட்ல அம்மாளை எப்படிடா பாப்பே? தைப்பொங்கல் வரைக்கும் பாக்கறேன். ஒரு கொறை வந்துச்சு, வண்டியக் கொண்டாந்து கூட்டீட்டுப் போயிருவேன்."

"வராதுங்க்கா" என்றார் கிட்டுசாமி.

அம்மா போய்விட்டால் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். அது அக்காவுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை.

முதலில் முழுநாளும் ஓர் அம்மாள் இருந்தார். அவர் தன் மகளின் பிரசவத்துக்குப் போனதும் இரண்டு பேரை வைக்க வேண்டி வந்தது. காலையில் உள்ளூர்க்காரி பழனாத்தாள். மதியம் பழனாத்தாள் கிளம்பியதும் சின்னத்தாய். சின்னத்தாய் எங்கள் தெற்குப் பக்கத்துப் பெண், பிழைக்க வந்த குடும்பம். காலையில் ஒரு பனியன் யூனிட்டில் பிசிறு வெட்டிவிட்டு வருவாள். ஆள் மாறுகிற இடத்தில்தான் நோயாளிக்கு ஆபத்து. வார்டில் வேலை செய்த எவளுக்கும் இது தெரியும். கிட்டுசாமிக்கும் தெரிந்திருந்தது. அதனால் படம் போட்டார்.

அம்மாவின் ஒரு நாள் முழுக்கப் பெட்டியும் அம்புமாகச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. குளிப்பாட்டுவது, மாத்திரை, கைகால் நீட்டி மடக்குவது. படுக்கையில் புரட்டி விடுவது விட்டுப்போயிருந்தது, சொன்னேன், சேர்த்தார். மதியச் சோற்றுக்கு ஒரு கேள்விப் பெட்டி. ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் உட்கார வைத்துத் தட்டைக் கொடுக்க வேண்டும், கூடவே இருந்து வாயைத் துடைத்துவிட வேண்டும். ஆயிற்று என்றால் மாத்திரைப் பெட்டிக்குப் போக வேண்டும்.

"மிசின்ல போட்டுப் பாத்துட்டனுங்க சிஸ்டர். ஒரு பொட்டி கூடச் செவக்கல. முட்டுச்சந்து இல்ல, செக்கு இல்ல, பந்தி இல்ல." அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வார நடுவில் கண்ணாடித் தடுப்பைத் தட்டிச் சொன்னார். "அம்மா நல்லாச் சாப்படறாங்க சிஸ்டர். சாய்ந்தரம் போயிப் பாத்தா மதியச் சோத்துப் போசி கழுவுனாப்பல இருக்குதுங்க."

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பொன்னாத்தாள் கண் மூடிக் கிடந்தார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "தூங்கறாங்க. ரெண்டு நாளா நல்ல தூக்கமுங்க." உதடு வெடித்திருந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன். சாக்குத் துணி மாதிரி வந்தது. நெற்றித் தோலைக் கிள்ளி விட்டேன். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது; உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தது.

"கடைசியா ஒண்ணுக்கு எப்பப் போனாங்க?"

கிட்டுசாமி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"அங்க பாக்காதய்யா. ஆட்டோ கூப்பிடு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறி இரண்டாவது பாட்டில் முடிகிற நேரத்தில் பொன்னாத்தாள் கண் திறந்தார். அதற்குள் நான் சின்னத்தாயைப் பிடித்து விசாரித்துவிட்டேன். அவள் அழுதாள்.

"நான் என்னத்தக் கண்டேன் சிஸ்டர்? உள்ள நொழஞ்சதும் கேட்டேன், சாப்ட்டாச்சா ஆத்தான்னு. ஆச்சு கண்ணுன்னாக. அந்தக்கா குடுத்திருப்பாகன்னு நெனச்சேன். போசில சோறு கெடந்துச்சு. மிச்சந்தான், புள்ளைகளுக்கு எடுத்துட்டுப் போன்னு அவுகளே சொன்னாக. தெனமும் சொன்னாக."

பழனாத்தாளைக் கேட்டால், மதியச் சோறு சின்னத்தாய் வேலை. படத்தில் அப்படித்தான் இருக்கிறது. அது உண்மைதான். யார் மேலும் குற்றமில்லை. படத்தின் மேலும் குற்றமில்லை.

இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுப் படி ஏறினாலும் ‘சாப்பிடலாமுங்க’ என்பார்கள். ‘ஆச்சுங்க’ என்பதுதான் பதில். சாப்பிட்டவரும் அதைத்தான் சொல்வார், பட்டினியாக வந்தவரும் அதைத்தான் சொல்வார். கேட்பவருக்கும் அது தெரியும். அதனால் விடமாட்டார், இழுத்து உட்கார வைத்து இலையைப் போடுவார். வந்த புதிதில் இது தெரியாமல் இரண்டு வீட்டில் நான் நிஜமாகவே பட்டினியாகத் திரும்பியிருக்கிறேன். சின்னத்தாயும் என்னைப் போலத் தெற்கத்திக்காரிதான். ஆச்சு என்றால் ஆச்சு என்று எடுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டருக்கு ஊரே இல்லை. அதுவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

மகன் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் பொன்னாத்தாள் என்னிடம் சொன்னார். குரல் குழறியது, ஆனால் தெளிவாகத்தான் சொன்னார். "திங்கறப்ப ஒழுகுதுங்க. ஒருத்தி பாத்துட்டே இருந்து தொடைக்கறது எனக்குச் சேரலீங்க. தண்ணி குடிச்சா எந்திரிக்கோணும். அந்தப் புள்ளைக்கு இடுப்பு வலி வேற, என்னையத் தூக்க முடியுமுங்களா?"

"பசிக்கலையா?"

"பசிக்காம என்னங்க? சாய்ந்தரம் பையன் வந்து கேப்பான். நான் சாப்படறதில்லன்னு தெரிஞ்சா சித்ராளுக்கு எட்டீரும். அவ கூட்டீட்டுப் போயிட்டா இவன் யாரு மூஞ்சியப் பாப்பான்?"

கழுவியதைப் போல இருந்த போசிக்கு அர்த்தம் இதுதான்.

சித்ராதேவி அன்று மாலையே வந்துவிட்டார். கோழித் தீவனம் ஏற்றுகிற வேனில், பின்னால் மெத்தை விரித்து. ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பியைப் பார்த்துக் கையை நீட்டிச் சத்தம் போட்டார். "படம் போட்டு அம்மாளக் காப்பாத்தறானாமா படம் போட்டு! எங்க பண்ணைல கோழிக்குக் கூடத் தண்ணி எறங்குதான்னு ஆளு நின்னு பாக்கறான்டா!"

"ஒரே ஒரு பொட்டிங்க்கா. அதை மாத்துனாச் செரியாப் போயிருமுங்க."

"நீ பொட்டிய மாத்தீட்டே இரு. நான் அம்மாளக் கூட்டீட்டுப் போறேன்."

கிட்டுசாமி என்னைப் பார்த்தார். நான் அவருக்காகப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். பேசவில்லை. பல்லடத்தில் வீடு நிறையப் பெண்கள் இருக்கிறார்கள், பெற்ற மகள் துடைத்துவிட்டால் அந்த அம்மாள் கூச்சப்படமாட்டார், நோயாளிக்கு அது நல்லது. அம்மாவை வேனில் ஏற்றும்போது கிட்டுசாமி காலைப் பிடித்துத் தூக்கினார். மெத்தையில் படுக்க வைத்ததும் முந்தானையைச் சரி செய்தார், பிறகு மறுபடியும் சரி செய்தார். வேன் கிளம்பியதும் அதன் பின்னால் ஒரு நாலு எட்டு நடந்து, தெருவிளக்குக் கம்பத்தடியில் நின்றுவிட்டார்.

மறுநாள் வேலைக்கு வந்தார். ஒரு வாரம் அறைக்குள்ளிருந்து தட்டச்சுச் சத்தம் ஓயாமல் கேட்டது. பிறகு ஒரு நாள் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டார். திரையில் அம்மாவின் படம். ‘சாப்பிட்டாச்சா?’ பெட்டி மஞ்சளாக மாறியிருந்தது.

"செவப்பு இல்லையா?" என்றேன்.

"வழியில தப்பில்லீங்களே, அப்பறம் எப்படிச் செவக்கும்? மிசினு அம்பைத்தானுங்க பாக்கும். ‘ஆச்சு’ன்னா நெசமாலுமே ஆச்சான்னு அதுக்கு எப்படிங்க தெரியும்? அதனால, வாயில கேட்டு வாயில பதில் வாங்கீட்டுத் தாண்டிப் போற பொட்டி எங்கிருந்தாலும் மஞ்சளாக்கச் சொல்லி எழுதிப்போட்டனுங்க. யாராவது ஒருத்தர் கண்ணால பாக்கறதுக்கு ஒரு அம்பு போட்டாத்தான் மஞ்சள் போகும்."

அதற்கு ‘ஆச்சுங்க பொட்டி’ என்று பெயர் வைத்தார். சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் கழற்றவில்லை. அம்மா இல்லாத வீட்டில் அது இன்னும் காலண்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கம்பெனியின் வேலைமுறைப் படத்தை அதே புரோகிராமில் போட்டார். குமாரசாமி பார்க்க வந்தார். நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டி அனுப்புவது வரை ஒரே மஞ்சள்.

"என்ன கிட்டுசாமி இது, கோயில் நோம்பியாட்டம் மஞ்சத் தண்ணி ஊத்தி வெச்சிருக்கறே?"

"ஒவ்வொண்ணும் ஆச்சுங்க பொட்டிங்க மொதலாளி. துணியத் தொவச்சுச் சுருக்கம் பாத்தாச்சான்னு கட்டிங் மாஸ்டர் கேக்கறாரு, ஆச்சுங்கறாங்க. வெட்டறாரு. யாரு போயித் தொவச்ச துணியப் பாத்தா?"

"நம்மாளுக பொய் சொல்ல மாட்டாங்கய்யா."

"பொய்யில்லீங்க. மரியாதைங்க."

முதலாளி கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு, துவைத்த துணியைக் கொண்டுவந்து மேஜையில் போடச் சொன்னார். துணி வருவதற்கு வெகு நேரம் ஆயிற்று. வந்தபோது ஈரமாக இருந்தது, அப்போதுதான் நனைத்திருக்கிறார்கள். குமாரசாமி அந்த ஈரத் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார். கிட்டுசாமி வெற்றி பெற்றவர் மாதிரி நடந்துகொள்ளவில்லை. மேஜையில் சொட்டிய தண்ணீரைத் துடைத்தார்.

மதியம் பல்லடத்துக்குப் போன் செய்கிற வழக்கம் அம்மா போன மறுநாளே தொடங்கியது. தடுப்பு வழியாக எனக்கு இவர் பக்கம் மட்டும் கேட்கும். ஆனால் அந்தப் பக்கம் என்ன சொல்லப்படுகிறது என்பதில் சந்தேகமே இல்லை.

"சாப்ட்டீங்களாம்மா? … செரிங்க. … நானா? ஆச்சுங்கம்மா. இப்பத்தான் ஆச்சு."

போசி ஆணியில் மூடியோடு தொங்கிக்கொண்டிருக்கும்.

சில நாள் பார்த்தேன். ஒரு நாள் எழுந்து போய் அவர் வாசலில் நின்றேன். போனை வைத்துவிட்டு, "வாங்க ரோஸ்மேரி சிஸ்டர்" என்றார். நான் ஆணியைப் பார்த்தேன். என் கண் போன இடத்துக்கு அவர் கண்ணும் போனது. திரையில் ஏதோ ஒரு பெட்டி மஞ்சளாக மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் காது சிவந்துவிட்டது.

"தனியா உக்காந்தா எறங்கறதில்லீங்க."

"அங்க உங்க அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும். அவுகளும் ‘ஆச்சு’ன்னுதான் சொல்லுவாக."

"இங்கிருந்து எப்படிங்க கண்ணால பாக்கறது?" என்று கேட்டார். கேள்வி எனக்கானது இல்லை. மூடியில் ஒரு பெட்டி வரைந்தார், துடைத்தார். மறுநாள் காலையில் நான் அறையைத் திறக்கும் முன்பே வந்து நின்றார். "சிஸ்டர், மெல்றது போன்ல கேக்குமுங்களா?"

"கேக்கும். ஆனா பேச்சுக் குடுக்காதய்யா. அவுக வாய் ஒரு பக்கம் வேலை செய்யல. பேசிக்கிட்டே முழுங்குனா பொரை ஏறும், நெஞ்சுக்குள்ள போயிரும். வாயில சோறு இருக்கும்போது ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அதுக்குச் சம்மதம்னா செய்."

"சம்மதமுங்க" என்றார்.

அக்காவை இதற்கு ஒத்துக்கொள்ள வைப்பது லேசாக இல்லை. "உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? மெல்லற சத்தத்தைக் கேக்கறதுக்குப் போனா?" என்று அந்தப் பக்கம் கத்தியது தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. ஆனால் சித்ராதேவி செய்கிறார். அம்மாவை உட்கார வைத்து, வலது கைக்கு எட்டும்படி மடியில் தட்டை வைத்து, தன் செல்போனை அவர் தலையில் கட்டிய துண்டுக்குள் தாடையோரமாகச் செருகிவிட்டு, கோழிகளைப் பார்க்கப் போய்விடுகிறார். போனுக்குக் கண் கிடையாது. ஒழுகுவதை யாரும் பார்ப்பதில்லை. பொன்னாத்தாள் தட்டுச் சோறு முழுவதையும் சாப்பிட்டு முடிப்பதை, போன ஞாயிற்றுக்கிழமை பல்லடம் பஸ்ஸில் போய்க் கதவுக்கு வெளியே நின்று நானே பார்த்துவிட்டு வந்தேன். நெற்றித் தோலையும் கிள்ளிப் பார்த்தேன். விட்டதும் மடிப்பு மறைந்தது.

திருப்பி அழைத்து வருவதைப் பற்றி அக்கா பேச்செடுக்கவில்லை. கிட்டுசாமியும் கேட்கவில்லை.

இன்றைக்கும் மதியம் ஆயிற்று. கட்டிங் பிரிவில் மணி அடித்து மிஷின்கள் நின்றன. கிட்டுசாமி போசியை ஆணியிலிருந்து எடுத்தார், மூடியில் எதுவும் வரையாமல் திறந்தார். செல்போனில் எண்களை அழுத்திக் காதில் வைத்து, "உக்காந்தீங்களாம்மா? செரி, ஆரம்பிக்கலாமுங்க" என்றார். அதற்கப்புறம் பேச்சில்லை. விரல் வெட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நான், பஞ்சு கேட்டு இரண்டு வார்த்தை உரக்கச் சொன்னேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் கிட்டுசாமியின் இடது கை மேலே உயர்ந்து, சத்தம் போடாதீர்கள் என்று நின்றது. அவர் வாய்க்குள் ஒரு கவளம் சோறு இருந்தது. தன் மெல்லும் சத்தம் அம்மா மெல்லும் சத்தத்தை மூடிவிடக்கூடாது என்று அதை மெல்லாமல் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.